கையெழுத்துப் போட்டது யார்?

வியாழன், நண்பகல் பன்னிரண்டு. எடின்பரோ நகரின் ஹாலிரூட் பகுதியில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் முதலமைச்சர் பதில் சொல்ல எழுந்து நிற்கும் நேரம். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நடக்கும். முதலில் எதிர்க்கட்சித் தலைவர்கள் கேட்பார்கள். அடுத்து, அவைத் தலைவர் தேர்ந்தெடுத்த மற்ற உறுப்பினர்கள். நிருபர்கள் வாரம் முழுக்கக் காத்திருப்பது இதற்குத்தான்.

அவைப் பதிவுகளைத் தொடர்ந்து படித்துவந்தால் ஒன்று புலப்படும். அந்த முக்கால் மணி நேரத்தில் புதிய உண்மை வெளிவருவது அபூர்வம். ஏற்கெனவே வெளிவந்துவிட்ட உண்மையை ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே வைக்கும் இடம் அது. அவசர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் காத்துக் கிடந்த மூதாட்டியின் நிலையை ஓர் உறுப்பினர் சொல்வார். முதலமைச்சர் வருத்தம் தெரிவித்துவிட்டு, இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இங்கே நிலைமை பரவாயில்லை என்று ஓர் எண்ணைச் சொல்லி அமர்வார். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு.

இருந்தாலும் இது வேண்டும். எந்தத் துறையிலிருந்து எந்தக் கேள்வி வரும் என்று தெரியாததால், வியாழனுக்கு முன்னால் அதிகாரிகள் எல்லாத் துறைகளின் நிலவரத்தையும் திரட்டியாக வேண்டும். தன் அரசில் என்ன நடக்கிறது என்பதை முதலமைச்சர் வாரம் ஒருமுறை கட்டாயம் தெரிந்துகொள்கிறார். பதில் மழுப்பலாக இருந்தாலும் அந்தத் தயாரிப்பு வீணாகாது.

*

1999க்கு முன்னால் எப்படி இருந்தது? ஸ்காட்லாந்தின் பள்ளிகள், சிறைகள், மருத்துவமனைகள், மீன்பிடி, காடு எல்லாவற்றுக்கும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரே ஓர் அமைச்சர், சில துணை அமைச்சர்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை கேள்வி நேரம். ஐம்பது லட்சம் மக்களின் அன்றாட நிர்வாகத்துக்கு அவ்வளவுதான் ஒதுக்கீடு.

அதிகாரப் பகிர்வுக்குப் பிறகு கேள்வியும் இடம்பெயர்ந்தது. பகிர்ந்தளித்த துறைகளைப் பற்றி இனி பிரிட்டிஷ் அமைச்சர்களிடம் கேட்கலாகாது என்பது பொதுவிதி என்று 1999 அக்டோபரில் லண்டன் மக்களவை தீர்மானம் நிறைவேற்றியது. இதை நான் மிக முக்கியமான தேதியாகக் கருதுகிறேன். அதிகாரம் எங்கே போகிறதோ அங்கே கேள்வி கேட்கும் உரிமையும் கூடவே போக வேண்டும். அதிகாரம் போய்ச் சேர்ந்த இடத்தில் கேட்க ஆள் இல்லாவிட்டால், பழைய இடத்திலும் கேட்க வழியில்லாவிட்டால், பணம் மட்டும் செலவாகிக்கொண்டே இருக்கும்.

*

புதிய நாடாளுமன்றம் சந்தித்த முதல் பெரிய செலவுக் கேள்வி அதன் சொந்தக் கட்டடத்தைப் பற்றியது. 1997இல் வெள்ளை அறிக்கையில் ஒரு கோடியிலிருந்து 4 கோடி பவுண்டு வரை என்று மதிப்பிட்டார்கள். 2004இல் திறந்தபோது 41.4 கோடி. மூன்றாண்டு தாமதம். வடிவமைத்த கட்டடக் கலைஞர் என்ரிக் மிராயேஸ் 2000 ஜூலையில் இறந்தார், திட்டத்தைத் தூக்கி நிறுத்திய முதல் முதலமைச்சர் டொனால்டு டூவர் அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார். பதில் சொல்ல வேண்டியவர்கள் இருவரும் இல்லாமலேயே ஃப்ரேசர் பிரபுவின் விசாரணை நடந்தது. கட்டடம் அழகானது. அதன் விலையைக் கண்டு கசந்துபோன மக்கள் நாடாளுமன்றத்தின் மீதே சில ஆண்டுகள் கசப்போடு இருந்தார்கள்.

*

தீவுக் கப்பல்களின் விவகாரம். இதை முழுதாக எழுதிவைக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளில் மளிகை, தபால், ஆடுமாடு, மருத்துவரைப் பார்க்கப் போகும் நோயாளி என எல்லாமே கப்பலில்தான் போயாக வேண்டும். கப்பல்களை ஓட்டுவது கால்மேக் என்ற நிறுவனம். கப்பல்களைச் சொந்தமாக வைத்திருப்பது வேறோர் அரசு நிறுவனம். இரண்டுக்கும் மேலே போக்குவரத்து முகமை, அதற்கும் மேலே அமைச்சர். இத்தனை அடுக்கு இருந்தால் பழியை இறக்கிவைக்கவும் அத்தனை இடம் உண்டு.

2015 ஆகஸ்ட் 31 அன்று, அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் கிளைடு நதிக்கரையில் போர்ட் கிளாஸ்கோவிலுள்ள ஃபெர்குசன் கப்பல் தளத்துக்கே போய், இரண்டு புதிய கப்பல்களைக் கட்ட அந்தத் தளமே தேர்வாகியிருக்கிறது என்று அறிவித்தார். முந்தைய ஆண்டுதான் திவாலாகி மீண்டெழுந்த தளம் அது. அந்த ஊரில் அந்த வேலைவாய்ப்புக்கு இருந்த மதிப்பு பெரியது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒப்பந்த விலை 9.7 கோடி பவுண்டு. 2018இல் கப்பல்கள் ஓடத் தொடங்க வேண்டும்.

சிக்கல் அறிவிப்புக்குப் பிறகு தலைதூக்கியது. கட்டுபவர் பாதியில் கைவிட்டால் வாங்குபவர் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதம் ஒன்று கப்பல் தொழிலில் வழக்கம். அதை முழுமையாகத் தர இயலாது என்றது தளம். கப்பலை வாங்கும் அரசு நிறுவனத்தின் இயக்குநர் குழு கவலையை எழுத்திலேயே தெரிவித்தது. முதலமைச்சர் ஊரறிய அறிவித்துவிட்ட பிறகு அவர்களால் எந்த அளவுக்குப் பேரம் பேச முடியும்? அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

2017 நவம்பரில் முதல் கப்பலான கிளென் சானக்ஸ் நீரில் இறங்கியது. பல ஜன்னல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அரசு தளத்துக்கு 4.5 கோடி பவுண்டு கடன் கொடுத்தது. 2019 ஆகஸ்டில் தளம் மறுபடியும் திவாலானது, ஆண்டு முடிவதற்குள் அரசுடைமையானது. 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்று, இந்தக் கொள்முதலும் நிர்வாகமும் படுதோல்வி என்று அறிக்கை தந்தது.

2022 மார்ச். தலைமைத் தணிக்கையாளர் ஸ்டீபன் பாயிலின் அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் வேறு. எச்சரிக்கைகள் இருந்தும் அமைச்சர்கள் ஏன் அந்த அபாயத்தை ஏற்றார்கள் என்பதைக் காட்டும் ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை என்றார் அவர். கோடிக்கணக்கான பொதுப் பணம். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குப் பெஞ்சு வாங்கினால்கூட ஏன் இந்தக் கடையில் வாங்கினோம் என்று ஒரு குறிப்பு எழுதிவைப்பார்கள். இங்கே அதுகூட இல்லை.

அதன்பின் வாராவாரம் ஒரே கேள்வி. ஒப்புதல் தந்தது யார்? வெவ்வேறு கட்சி உறுப்பினர்கள், வெவ்வேறு சொற்களில். மே மாதத்தில் அரசு ஒரு மின்னஞ்சலைத் தேடியெடுத்து வெளியிட்டது. 2015 அக்டோபர் 9 தேதியிட்டது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டெரெக் மெக்கேவுக்குச் சம்மதம் என்று அவருடைய அலுவலகம் தெரிவித்த சில வரிகள். அவ்வளவுதான். காரணம் அதிலும் இல்லை. அவர் 2020லேயே வேறு காரணத்துக்காகப் பதவி விலகியிருந்தார்.

2022 நவம்பரில் முதலமைச்சரே பொதுத் தணிக்கைக் குழுவின் முன் வந்து பதில் சொன்னார். 2023 மார்ச்சில் குழுவின் அறிக்கை வந்தது. முன்கூட்டியே அறிவித்தது பேரம் பேசும் வலிமையைக் குறைத்தது, ஆவணங்களைப் பராமரித்த விதம் மோசம் என்பதெல்லாம் அதில் இருந்தது. 2025 ஜனவரியில் கிளென் சானக்ஸ் அர்ரன் தீவுக்கு ஓடத் தொடங்கியபோது இரண்டாவது கப்பல் இன்னும் தளத்திலேயே இருந்தது. மொத்தச் செலவு முதல் விலையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இடைப்பட்ட காலத்தில் 1993இல் வந்த பழைய கப்பல் பழுதாகும் ஒவ்வொரு முறையும் தீவுக்காரர்கள் கரையில் நின்றார்கள்.

*

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 2023 மே மாதம், இரண்டாவது கப்பலை அங்கேயே கட்டி முடிப்பதா, வேறெங்காவது புதிதாகக் கட்டுவதா என்று கணக்குப் பார்த்தார்கள். செலவை மட்டும் வைத்துப் பார்த்தால் வேறிடமே மலிவு. அரசு அதிகாரி தன் பொறுப்பில் அந்தச் செலவை ஒப்புக்கொள்ள முடியாத நிலை. அப்போது பொருளாதாரத் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் நீல் கிரே, தன் பெயரில் எழுத்துபூர்வமான ஆணை கொடுத்துவிட்டு, அதை அவையில் வந்து சொன்னார். வேலைவாய்ப்பையும் தீவுகளின் அவசரத்தையும் கருதி இப்படி முடிவெடுத்தேன் என்றார்.

முடிவு சரியா தவறா என்பதில் இரு கருத்து இருக்கலாம். எனக்கே இரு மனம். ஆனால் யார், எந்த நாளில், எந்தக் காரணத்துக்காக என்பதற்குப் பதில் உடனே கையில் இருந்தது. 2015க்கும் 2023க்கும் இடையே நிர்வாகம் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்றாலும், அதைக் கற்றுக்கொடுத்தது விடாமல் கேட்ட கேள்விகள்.

*

எழுத்துக் கேள்விக்கு ஏன் ஒருவரும் கைதட்டுவதில்லை! உறுப்பினர் கேள்வியை எழுதிக் கொடுப்பார். அதற்கு ஓர் எண் விழும். பத்து வேலைநாட்களில் பதில் வர வேண்டும், நீண்ட விடுமுறைக் காலத்தில் இருபது. இன்னும் தகவல் திரட்டுகிறோம் என்ற இடைக்காலப் பதிலும் வரும். கேள்வி, பதில் இரண்டும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவில் கிடக்கும்.

நல்ல எழுத்துக் கேள்வியின் இலக்கணம் என்று நான் கருதுவது: ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்க வேண்டும், ஆண்டு குறிப்பிட வேண்டும், எந்த அமைப்பு என்று சொல்ல வேண்டும். "கப்பல் சேவையை மேம்படுத்த அரசு என்ன செய்கிறது?" என்று கேட்டால் ஒரு பத்தி விளம்பரம் வரும். "இன்ன நிதியாண்டில் தளத்துக்குக் கொடுத்த கடன் எவ்வளவு, எந்தத் தேதியில், யார் ஒப்புதலில்?" என்று கேட்டால் மூன்று விவரமோ, அல்லது தகவல் மையமாகத் தொகுக்கப்படவில்லை என்ற வரியோ வரும். இரண்டாவது வகைப் பதிலும் ஒரு கண்டுபிடிப்புதான். அரசிடம் இருக்க வேண்டிய தகவல் இல்லை என்பது அதன்மூலம் பதிவாகிறது.

அரசே கேட்கச் சொல்லும் கேள்வி என்ற வகையும் உண்டு. ஆளுங்கட்சி உறுப்பினர் பெயரில் கேள்வி, மறுமொழியாக அரசின் புதிய அறிவிப்பு. அது முறையான வழிதான், அப்படியே அடையாளமிட்டும் வெளியிடுகிறார்கள். அதைவிட என்னை உறுத்துவது வாய்மொழி நேரத்தில் ஆளுங்கட்சிப் பின்வரிசையிலிருந்து வரும் பாராட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தைத் தின்கிறது. அந்த நிமிடம் ஒரு தீவுக்காரருக்கோ நோயாளிக்கோ உரியது.

*

இதற்கு நேர்மாறான ஒருவர். நிதிக்குழுவின் தலைவராக இருந்த கென்னத் கிப்சன் ஆளுங்கட்சிக்காரர். அர்ரன் தீவு இருக்கும் தொகுதியின் உறுப்பினரும்கூட. 2022இல் தேசியப் பராமரிப்புச் சேவை மசோதா வந்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பை ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் பெரிய திட்டம். ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு மசோதாவோடும் ஒரு நிதிக் குறிப்புரை இணைக்க வேண்டும்: இந்தச் சட்டத்தால் யாருக்கு எவ்வளவு செலவு என்று. பராமரிப்பு மசோதாவின் குறிப்புரை ஐந்தாண்டுச் செலவை ஏறக்குறைய 64 கோடியிலிருந்து 126 கோடி பவுண்டு வரை என்று விரித்துச் சொன்னது. பல முக்கியமான செலவுகள் கணக்கிலேயே வரவில்லை, விவரங்களைப் பிறகு மக்களோடு கலந்து வடிவமைப்போம் என்று விட்டிருந்தார்கள்.

கிப்சனின் குழு, தன் கட்சியின் அரசு என்று பாராமல், இதை வைத்துக்கொண்டு எங்களால் எதையும் மதிப்பிட முடியாது என்று சொல்லித் திருத்திய குறிப்புரை கேட்டது. கடைசியில் 2025 ஜனவரியில் அரசு அந்தத் தேசியச் சேவைத் திட்டத்தையே கைவிட்டது. அதற்குள் கிட்டத்தட்ட 3 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. அந்தக் குழு கேட்டிராவிட்டால் அந்த எண் எவ்வளவாகியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

ஹாலிரூட்டில் மேலவை கிடையாது. மசோதாவை இரண்டாம் முறை சலிக்க வேறு சபை இல்லை என்பதால்தான் குழுக்களுக்கு இத்தனை பொறுப்பு. மொத்தம் 129 உறுப்பினர்கள். அமைச்சர்களைக் கழித்தால் மீதியுள்ளவர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் உட்கார வேண்டியிருக்கிறது. படிக்க வேண்டிய கட்டு ஒவ்வொரு வாரமும் குவியும். கிப்சனைப் போன்றவர்களின் துணிவை நம்பி ஓர் அமைப்பு இருக்கக் கூடாது. லண்டனில் 2010 முதல் பெரும்பாலான குழுத் தலைவர்களை உறுப்பினர்களே இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சித் தலைமைக்குக் கடன்பட்டுத் தலைவரானவரைவிட சக உறுப்பினர்கள் அமர்த்தியவருக்குக் கேட்கும் வலு கூடுதல் என்பது என் நம்பிக்கை.

*

வரவுசெலவுத் திட்டம். ஆண்டுக்கு 6,000 கோடி பவுண்டுக்கு மேல். வழக்கமாக டிசம்பரில் முன்வைத்து, பிப்ரவரி முடிவதற்குள் சட்டமாக்கிவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு மருத்துவத்துக்கே போகும். ஆண்டு நடுவில் மருத்துவத் துறையிலிருந்து உள்ளாட்சிக்கு எனப் பணம் இடம் மாறும், அதுவும் ஆண்டுதோறும். அடுத்த திட்டம் வரும்போது எந்த எண்ணோடு எந்த எண்ணை ஒப்பிடுவது என்பதைப் பொறுத்து, ஒரே துறை வளர்ந்ததாகவும் தெரியும், சுருங்கியதாகவும் தெரியும். ஸ்காட்லாந்து நிதி ஆணையமும் நிதிக்குழுவும் இதைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டிவந்தன. சலிப்பூட்டும் விஷயம்தான். ஆனால் இந்தச் சலிப்பைத் தாங்குகிறவரால் மட்டுமே நல்ல கேள்வி கேட்க முடியும்.

2023 நவம்பரில் அந்த அவையை அதிரவைத்தது வேறோர் எண். மருத்துவ அமைச்சர் மைக்கேல் மாத்திசன் மொராக்கோவுக்குக் குடும்பத்தோடு போனபோது நாடாளுமன்றம் தந்த ஐபேடில் ஓடிய இணையக் கட்டணம், ஏறத்தாழ 11,000 பவுண்டு. வேலைக்காகப் பயன்படுத்தியது என்று முதலில் சொன்னவர், பணத்தைத் திருப்பிக் கட்டச் சம்மதித்தார், குடும்பத்தாரும் பயன்படுத்தியதைப் பிறகு ஒப்புக்கொண்டார். 2024 பிப்ரவரியில் பதவி விலகினார், மே மாதத்தில் அவையிலிருந்து 27 அமர்வு நாள் இடைநீக்கம். கேட்டது சரி, உண்மை பேசாததற்குத் தண்டனையும் சரி. அதே மருத்துவத் துறையின் இரண்டாயிரம் கோடி பவுண்டுக்கு அத்தகைய விடாப்பிடி வாய்த்த வாரங்கள் மிகக் குறைவு. 11,000 என்பது வீட்டுக் கணக்கில் அடங்கும் தொகை, எல்லோருக்கும் கோபம் வருகிறது. கோடிகளுக்குக் கோபம் வர யாராவது அவற்றை ஒரு நோயாளி, ஒரு படுக்கை, ஒரு செவிலியர் என்று பிரித்துக் காட்ட வேண்டும். அது உறுப்பினரின் வேலை.

*

சிறுபான்மை அரசு என்றால் கேள்விக்குப் பல் முளைக்கிறது. முன்னாள் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் மீதான புகார்களை அரசு கையாண்ட விதம் முறையற்றது என்று 2019 ஜனவரியில் நீதிமன்றத்தில் முடிவானது. அவருடைய வழக்குச் செலவுக்காக அரசு ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. தோற்கும் வழக்கை ஏன் அவ்வளவு நாள் நடத்தினீர்கள், வழக்கறிஞர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டது நாடாளுமன்ற விசாரணைக் குழு. சட்ட ஆலோசனையைக் காட்ட மாட்டோம் என்றது அரசு. 2020 நவம்பரில் அவை இருமுறை வாக்களித்து வெளியிடச் சொன்னது. அப்போதும் இல்லை. அப்போதைய துணை முதலமைச்சர் ஜான் ஸ்வின்னி மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, அது நிறைவேறும் நிலை உருவான பிறகு, 2021 மார்ச்சில் ஆவணங்கள் வெளியே வந்தன. அரசுக்குத் தனிப் பெரும்பான்மை இருந்திருந்தால் அந்தத் தாள்களை இன்றுவரை பார்த்திருக்க மாட்டோம்.

*

வட அயர்லாந்து. மரச்சில்லு போன்ற எரிபொருளால் சூடேற்றும் கொதிகலன்களுக்கு மானியம், 2012 முதல். எரிபொருளின் விலையைவிட மானியம் அதிகம், உச்சவரம்பு கிடையாது. எரிக்க எரிக்க லாபம். பிரிட்டனில் அதே திட்டத்தில் இருந்த படிநிலைக் கட்டுப்பாட்டை இங்கே விட்டுவிட்டார்கள். கூடுதல் செலவு இருபதாண்டில் 49 கோடி பவுண்டு வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள். 2016இல் தணிக்கை அறிக்கையும் அதையொட்டி சட்டமன்றக் குழுவின் விசாரணையும் வந்தன. 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, ஆட்சியே கவிழ்ந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்குக் கவலை தருகிறது. மூன்றாண்டு சட்டமன்றம் இயங்கவில்லை. 2022 முதல் 2024 வரை மறுபடியும். அந்த நாட்களில் பள்ளிகள் நடந்தன, மருத்துவமனைகள் நடந்தன, சம்பளம் பட்டுவாடா ஆனது. அதிகாரிகள் நிர்வாகத்தை ஓட்டினார்கள். பெரும்பாலான நாட்களில் அந்த மண்ணில் தேர்வான அமைச்சர் ஒருவரும் இல்லை, எழுந்து கேட்க அவையும் இல்லை.

இதைப் படிக்கும்போது இலங்கையின் வட மாகாண சபையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் வந்தது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பரில் நடந்தது. 38 உறுப்பினர்கள், முதலமைச்சர் விக்னேஸ்வரன். அந்தச் சபையில் தங்கள் அமைச்சர்களைப் பற்றி உறுப்பினர்கள் கடுமையாகவே கேட்டார்கள், அமைச்சர்கள் மீது விசாரணைக் குழுவும் வைத்தார்கள். 2018 அக்டோபரில் காலம் முடிந்தது, ஆளுநர் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். மாகாணத்தின் பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வீதிகளுக்கும் பணம் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ ஒரு பெற்றோர் தன் பிள்ளையின் பாடசாலைக்கு ஏன் ஆசிரியர் வரவில்லை என்று கேட்டால், அதை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்க மாகாண உறுப்பினர் என்று ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்காக வாக்களிக்கும் உரிமையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது பெரிய அநியாயம்.

*

தேடிப் படிக்க வேண்டியவை: நிறைவேறிய சட்டங்களின் நிதிக் குறிப்புரைகள். மசோதாவின்போது இவ்வளவு ஆகும் என்றார்கள். மூன்றாண்டு கழித்து உண்மையில் எவ்வளவு ஆனது? குழந்தைப் பராமரிப்பு நேரத்தை நீட்டிய சட்டம், புதிய சமூகப் பாதுகாப்புத் தொகைகள், இரண்டிலிருந்தும் தொடங்கலாம். ஒவ்வொன்றுக்கும் பழைய குறிப்புரையை எடுத்து, பக்கத்தில் தணிக்கைக் கணக்கை வைத்து, வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு ஓர் எழுத்துக் கேள்வி. ஓர் உறுப்பினரும் இரண்டு உதவியாளர்களும் ஒரு குளிர்காலத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. கேள்வியின் வாசகத்தை அடுத்த பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.